இரண்டு மனைவி, ஒரே சோபா: பிரிட்டிஷ் ஃபார்ஸ் திரையில் ஏன் சறுக்குகிறது?

'ரன் ஃபார் யுவர் வைஃப்' என்னும் ஃபார்ஸ் வகை நகைச்சுவை நாடகம் 1983இல் லண்டனின் நாடக அரங்கப் பகுதியான வெஸ்ட் எண்டுக்கு வந்து, அரங்குகள் மாறினாலும் 1991 வரை ஓடியது. அதே கதை படமாகி 2013 பிப்ரவரியில் பிரிட்டனில் ஒன்பது திரையரங்குகளில் வெளியானபோது, முதல் வார இறுதியில் வசூலானது 602 பவுண்டு. டிக்கெட் ஒன்றை 6 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், ஒன்பது அரங்குகளுக்கும் சேர்த்து வந்தவர்கள் நூறு பேர். படத்தின் செலவு ஏறத்தாழ 9 லட்சம் பவுண்டு. நாடகத்தை எழுதியவரும் படத்தை இணைந்து இயக்கியவரும் ஒருவரே: ரே கூனி.

இந்த 602 பவுண்டு வேடிக்கைச் செய்தியாகப் பல இடங்களிலும் சுற்றி வந்தது. சுற்றிய வேகத்தில் சில முடிவுகளும் அதனோடு ஒட்டிக்கொண்டன. பணம் போதாமல் படம் படுத்துவிட்டது என்பார் சிலர். கதை பழசு என்பார் சிலர். ஓடுவதும் ஒளிவதும் தடுக்கி விழுவதும் தவிர இவ்வகை நாடகத்தில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றாலும் எதுவும் வேரைத் தொடவில்லை. ஃபார்ஸ் இயங்குவது மேடைக்கே உரிய ஓர் ஏற்பாட்டை நம்பி; கேமராவோ தன் இயல்பிலேயே அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. அது என்ன ஏற்பாடு என்று முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

பொய்யும் மீன் குழம்பும்

சாதாரண மனிதர் ஒருவர் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற மற்றொன்று என்று, குறுகிய நேரத்தில் குறுகிய இடத்தில் மாட்டிக்கொண்டு தவிப்பதைக் காட்டும் நகைச்சுவை நாடக வகைக்கு ஃபார்ஸ் என்று பெயர். வசனத்தில் வரும் சிரிப்புத் துணுக்குகள் இதில் இரண்டாம்பட்சம். நிலைமைதான் சிரிக்க வைக்க வேண்டும்.

'சைவம் மட்டும்' என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு வாடகைக்குக் குடிவந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் வஞ்சிர மீன் குழம்பு கொதிக்கும் நேரத்தில் வாசலில் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அவரை உட்கார வைக்கிறார் குடித்தனக்காரர். "என்ன சார், ஏதோ வாசனை வருது?" என்கிறார் வந்தவர். "பக்கத்து வீட்டுல சார்" என்று பதில் வருகிறது. பக்கத்து வீடும் அவருடையதே, அங்கும் அதே நிபந்தனை. கேட்டுவிட்டு வருகிறேன் என்று கோபமாக எழுந்து போகிறார். கிடைத்த இரண்டு நிமிடத்தில் குழம்புச் சட்டி சமையலறையிலிருந்து குளியலறைக்குப் போகிறது. பழியைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்ற வேகத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் கூடவே வந்துவிடுகிறார். அவர் சமையலறையைத் திறந்து காட்டச் சொல்ல, வீட்டுக்காரரோ, "அதெல்லாம் இருக்கட்டும், வெயில்ல வந்தது ஒரு மாதிரி இருக்கு, முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று குளியலறைப் பக்கம் திரும்புகிறார்.

இதில் யாரும் ஒரு நகைச்சுவைத் துணுக்கும் சொல்லவில்லை. சட்டி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சிரிப்பு அந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. மேடையில் நிற்பவருக்குத் தெரியாத ஒன்று அரங்கில் அமர்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்கும் இந்த நிலையைப் பார்வையாளர் முன்னறிவு என்று அழைக்கலாம். இனி இக்கட்டுரையில் அந்தச் சொல் வருமிடமெல்லாம் இதே பொருள்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடித்தனக்காரர் எடுத்த ஒவ்வொரு முடிவும், அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நியாயமானதே. அவர் கோமாளியாக இருந்திருந்தால் நமக்குப் பதைப்பு வராது; பதைப்பு இல்லாவிட்டால் சிரிப்பும் வராது. வீடு போய்விடும் என்ற அவருடைய பயம் உண்மையான பயம். ஃபார்ஸின் கதை நகைச்சுவையைவிடச் சோகக் கதைக்கே நெருக்கமானது என்று கூனி சொல்லி வந்ததன் பொருளும் இதுதான்: கைமீறிப் போன ஒரு நெருக்கடியில் சாதாரண மனிதர்கள் சிக்கித் தவிக்கிறார்கள், நாம் வெளியில் இருப்பதால் சிரிக்கிறோம்.

ஆக, ஃபார்ஸுக்கு வேண்டியவை மறைக்க வேண்டிய ஒரு பொருள், அதை மறைக்கப் போதாத ஓர் இடம், இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் வசதியுள்ள பார்வையாளர்.

விம்பிள்டனும் ஸ்ட்ரெத்தமும்

கூனியின் நாடகத்தில் ஜான் ஸ்மித் லண்டனில் டாக்சி ஓட்டுபவர். அவருக்கு விம்பிள்டனில் மேரி என்றொரு மனைவி, ஸ்ட்ரெத்தமில் பார்பரா என்றொரு மனைவி. இரண்டுமே தென் லண்டனில் அதிகத் தொலைவில்லாத பகுதிகள். டாக்சித் தொழிலில் வேலை நேரம் மாறி மாறி வரும் என்பது இரு மனைவியருக்கும் பழகிப்போன செய்தி என்பதால், கால அட்டவணை போட்டுக்கொண்டு இரண்டு குடும்பங்களையும் அவர் சிக்கலின்றி நடத்தி வருகிறார். வழிப்பறி ஒன்றைத் தடுக்கப் போய் ஓர் இரவு அவருக்குத் தலையில் அடிபடுகிறது. அரைமயக்கத்தில் ஒரு முகவரியை மருத்துவமனையிலும் மற்றதைக் காவல்துறையிடமும் சொல்லிவிடுகிறார். விளைவாக வீட்டுக்கொரு துப்பறியும் அதிகாரி வந்து சேர்கிறார். வழிப்பறியைத் தடுத்த வீரர் என்று செய்தித்தாளும் படம் எடுக்க ஆள் அனுப்புகிறது. பிரிட்டனில் இருதார மணம் குற்றம் என்பதால், மனைவியரிடம் மட்டும் தப்பித்தால் போதாது. சட்டத்திடமும் தப்பிக்க வேண்டும். மாடியில் குடியிருக்கும் ஸ்டான்லி என்னும் நண்பர் உதவிக்கு வருகிறார். பொய்கள் வளர வளர, அவர் ஒருவரிடம் ஒருவராகவும் மற்றவரிடம் வேறொருவராகவும் ஆகிவிடுகிறார்.

கதையைச் சொன்னால் இவ்வளவுதான். நாடகத்தின் உயிர் கதையில் இல்லை, செட்டில் இருக்கிறது. செட் என்பது மேடையில் நிரந்தரமாக நிற்கும் காட்சி அமைப்பு. இந்நாடகத்துக்கு இரண்டு வீடுகள் வேண்டும். மேடையை நடுவில் பிரித்து இடப்பக்கம் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு வீடு என்று கட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும். கூனி அப்படிச் செய்யவில்லை. ஒரே கூடத்தை இரண்டு வீடுகளின் கூடமாகவும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினார். சில கதவுகள் மேரியின் வீட்டைச் சேர்ந்தவை, சில கதவுகள் பார்பராவுடையவை; நடுவில் உள்ள சோபா இருவருக்கும் பொது. மேரி ஒரு கதவின் வழியே வந்து மேடையைக் கடக்கிறார், பார்பரா மற்றொரு கதவின் வழியே வந்து எதிரில் கடக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, ஏனென்றால் கதைப்படி அவர்கள் வேறு வேறு பகுதிகளில் இருக்கிறார்கள். ஜான் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது, பேசுபவரும் கேட்பவரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள்.

இரண்டு மூன்று நிமிடங்களில் அரங்கில் உள்ளவர்கள் இந்த வழக்கத்துக்குப் பழகிவிடுகிறார்கள். பழகியபின் அவர்கள் பார்ப்பது ஒரு விசித்திரக் காட்சி: எந்த இருவர் சந்தித்தால் ஜானின் வாழ்க்கை முடிந்துவிடுமோ, அந்த இருவரும் ஒரே சோபாவின் இரு முனைகளில் நின்றுகொண்டிருக்கிறார்கள். பார்வையாளர் முன்னறிவை வசனத்தால் ஊட்ட வேண்டிய தேவையே இல்லாமல், மரச்சட்டத்தாலும் கதவாலும் அதைக் கட்டி நிறுத்திவிட்டார் கூனி. எனக்குத் தெரிந்தவரை இந்நாடகத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை அந்தச் சோபாதான்.

கதவும் கடிகாரமும்

ஃபார்ஸ் என்றாலே கதவு என்று சொல்வதுண்டு. கதவு ஒருவரை மறைக்கிறது; மறைந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பதை நாம் மறப்பதில்லை. ஐந்து கதவுகள் உள்ள மேடையில் மூன்று பேர் ஒளிந்திருந்தால், யார் எந்தக் கதவுக்குப் பின்னால் என்ற கணக்கை ஒவ்வொரு பார்வையாளரும் மனத்துக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தவறான கதவை நோக்கி ஒருவர் நடக்கத் தொடங்கியதும், அவர் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே அரங்கில் சிரிப்பு கிளம்புகிறது. முழு மேடையும் கண்முன்னே இருப்பதால்தான் இது நடக்கிறது.

இதனோடு சேர்ந்தது காலம். கூனியின் நாடகங்களில் கதை நிகழும் நேரமும் நாடகம் நடக்கும் நேரமும் ஒன்று. 'மறுநாள் காலை' என்று திரை விழுந்து எழுந்தால் கதாநாயகன் மூச்சுவிட்டுக்கொள்வான், பொய்யைச் சீர்செய்துகொள்வான். அந்த வசதி இங்கே அவனுக்கு இல்லை.

டைமிங் என்பது அடுத்த சொல். வசனத்தையோ அசைவையோ சரியான நொடியில் நிகழ்த்துவதை நடிகர்கள் இப்படி அழைப்பார்கள். அந்தச் சரியான நொடியை எழுத்தாளர் முழுவதுமாகத் தீர்மானிக்க முடியாது. அதில் பாதி அன்றைய அரங்கின் கையில் இருக்கிறது. சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனம் வர வேண்டும். முன்னால் வந்தால் வசனம் காதில் விழாது, பின்னால் வந்தால் வேகம் விழுந்துவிடும். தேர்ந்த நடிகர் இதை ஒவ்வொரு நாளும் புதிதாக அளக்கிறார். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் ஒரு படம் எடுப்பதற்கு முன்னால் அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் நடித்துப் பார்த்து, எங்கே எவ்வளவு நேரம் சிரிப்பு நீள்கிறது என்று கணக்கிட்டுக்கொண்டது இதனால்தான்.

ஆங்கில நாடகாசிரியர் மைக்கேல் ஃப்ரேய்ன் தாம் எழுதிய ஒரு ஃபார்ஸை 1970இல் மேடையின் ஓரத்தில், திரைமறைவில் நின்று பார்த்தார். முன்னாலிருந்து பார்ப்பதைவிடப் பின்னாலிருந்து பார்ப்பதே அதிகச் சிரிப்பாக இருந்தது. அதிலிருந்து பிறந்த 'நாய்சஸ் ஆஃப்' 1982இல் மேடையேறியது. அதன் இரண்டாம் அங்கத்தில் செட் முழுவதையும் திருப்பி வைத்து, கதவுகளின் மறுபக்கத்தைக் காட்டுகிறார்கள். ஃபார்ஸின் உள்வேலையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மலிவு ஒரு குறையா?

மேடையில் ஃபார்ஸ் செலவு குறைந்த வகை. ஒரு செட், இக்கால உடைகள், சிறு குழு. 'ரன் ஃபார் யுவர் வைஃப்' நாடகத்துக்கு வேண்டியவர்கள் எட்டே பேர். பிரிட்டனில் இவ்வகை வேரூன்றியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். 1923 முதல் 1933 வரை லண்டனின் ஆல்ட்விச் அரங்கில் டாம் வால்ஸும் ரால்ஃப் லின்னும் நடித்த ஃபார்ஸ்கள் ஏறத்தாழத் தொடர்ச்சியாக நடந்தன. பெரும்பாலானவற்றை எழுதியவர் பென் டிராவர்ஸ். 1950 தொடங்கி ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் ஒயிட்ஹால் அரங்கை பிரையன் ரிக்ஸின் குழு தன் கையில் வைத்திருந்தது. கூனி அந்தக் குழுவில் நடிகராக இருந்து, பிறகு அதற்கே எழுதியவர்.

எல்லைக்குள் அடைபட்டிருப்பதுதான் ஃபார்ஸின் பலம் என்பதால், ஒரே ஓர் அறைதான் இருக்கிறதே என்று மேடைப் பார்வையாளர் குறைப்படுவதில்லை. ஜான் கதவுக்கு வெளியே போனால் தெருவைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. படத்தில் நிலைமை வேறு. ஒரே அறையைக் காட்டினால் காசில்லை என்று எண்ணுவார்கள் என்ற அச்சம் தயாரிப்பாளரைத் துரத்துகிறது.

கேமரா வந்ததும்

அந்த அச்சத்தின் முதல் விளைவு, கதையை வெளியே கொண்டுபோதல்: நாடகத்தில் வாயால் சொல்லப்பட்டவற்றையெல்லாம் படத்தில் தெரு, மருத்துவமனை, காவல் நிலையம் என்று காட்டிவிடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜான் விம்பிள்டனிலிருந்து ஸ்ட்ரெத்தமுக்கு வண்டியில் போகும் காட்சி வந்த கணமே அவருக்கு வெளிக்காற்று கிடைத்துவிடுகிறது, நமக்கும்தான். அழுத்தம் அங்கேயே இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, கட். ஒரு காட்சித் துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைப் படத்தொகுப்பில் கட் என்பார்கள். மேரியைக் காட்டி, கட் செய்து, பார்பராவைக் காட்டினால், இருவரும் வேறு வேறு இடங்களில் இருப்பது யாருக்கும் இயல்பாகப் புரிந்துவிடும். நஷ்டம் அந்த இயல்பில்தான். மேடையில் இருவரும் ஒரே சோபாவின் அருகில் நின்றதால் வந்த பதைப்பு, இரண்டு தனி அறைகளில் காட்டியதும் வெறும் தகவலாகச் சுருங்கிவிடுகிறது. மேலும், மேடையில் எங்கே பார்ப்பது என்பதைப் பார்வையாளரே முடிவு செய்கிறார். ஒளிந்திருப்பவரின் கதவைத் தாமாகவே ஓரக்கண்ணால் கவனித்துக்கொள்கிறார். கேமரா அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கி, 'இதோ, இந்தக் கதவைப் பார்' என்று அண்மைக் காட்சியில் நீட்டுகிறது. தானே கண்டுபிடித்ததற்குச் சிரிக்கும் மனிதர், சுட்டிக்காட்டப்பட்டதற்கு அவ்வளவு சிரிப்பதில்லை.

சிரிப்புக்கான இடைவெளியும் சிக்கலாகிவிடுகிறது. நடிகர் அரங்கைக் கேட்டு நிறுத்திய நொடிகளை, படத்தொகுப்பாளர் ஓர் அறையில் தனியே அமர்ந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இடம் விட்டால், கூட்டம் குறைந்த திரையரங்கில் அது சங்கடமான மௌனமாகிறது. விடாவிட்டால் வசனங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

சுருக்கமாக, மேடை ஒரே பார்வையில் காட்டியதைப் படம் துண்டு துண்டாகக் காட்டுகிறது. மூடி வைத்ததைத் திறந்துவிடுகிறது. அரங்கோடு சேர்ந்து அளந்ததை அரங்கில்லாமல் அளக்கிறது.

602 பவுண்டின் கதை

இதையெல்லாம் சொன்னபின் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஒன்பது திரையரங்குகளில் மட்டும் வெளியான ஒரு படத்தின் வசூலை வைத்து ஃபார்ஸ் என்ற வகைக்கே தீர்ப்பு எழுத முடியாது. விமர்சகர்கள் படத்தைக் கடுமையாகச் சாடினார்கள். அவர்கள் சொன்னவற்றுள் முக்கியமானது நகைச்சுவை காலாவதியாகிவிட்டது என்பது. ஓரினச்சேர்க்கையாளர்களைக் கிண்டல் செய்து 1983இல் கைதட்டல் வாங்கிய பகுதிகள் முப்பதாண்டு கழித்துக் காதில் நாராசமாக ஒலித்தது உண்மை. ஆனால் ஃபார்ஸில் சீக்கிரம் பழசாவது இத்தகைய கேலிதான். அதன் எந்திரம் அவ்வளவு எளிதில் பழசாவதில்லை. ஒரு காலத்துக்கே உரிய கருவிகளுக்கும் இந்தக் கதி உண்டு. ஜானின் இரட்டை வாழ்க்கை வீட்டுத் தொலைபேசிக் காலத்துக்குப் பொருந்தியது. கணவர் எங்கே என்று சட்டைப்பையில் இருக்கும் மொபைலைக் கூப்பிட்டுக் கேட்க முடிகிற காலத்துக்கு அதைக் கொண்டுவருபவர் அந்தக் கேள்விக்கும் ஒரு பதில் கட்ட வேண்டும்.

படத்தில் பழைய நட்சத்திரங்கள் பலர் தலைகாட்டிப் போகிறார்கள். புகழ்பெற்ற நடிகை ஜூடி டென்ச்கூட வீடற்ற மூதாட்டியாக வருகிறார். மூத்த எழுத்தாளர் ஒருவர் மீது நாடக உலகம் வைத்திருந்த அன்பு அதில் தெரிகிறது. பார்வையாளருக்கோ அது இடையூறு. யார் எந்தக் கதவுக்குப் பின்னால் என்று மனக்கணக்கு போட வேண்டியவர், 'அட, இவரா!' என்று முகங்களை அடையாளம் காண்பதில் மும்முரமாகிவிடுகிறார்.

திரையில் பிழைத்தவை

பிழைத்த ஃபார்ஸ்களும் உண்டு. ஆல்ட்விச் நாடகமான 'ரூக்கரி நூக்' 1926இல் மேடையேறி, 1930இல் டாம் வால்ஸின் இயக்கத்தில் படமாகிப் பிரிட்டனில் பெரும் வரவேற்பைப் பெற்றது. பேசும் படத்தின் தொடக்கக் காலம் அது. ஒலிப்பதிவுக்காகக் கேமராவை ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டிய நிலை இருந்ததால், மேடையைத் தூரத்திலிருந்து பார்ப்பது போன்ற அகலக் காட்சிகளே மிகுந்தன. சினிமாவாகப் பார்த்தால் அது அசையாத படம். ஃபார்ஸாகப் பார்த்தால், கருவியின் இயலாமை கதவுகளைக் காப்பாற்றிக் கொடுத்தது.

கூனியின் 'அவுட் ஆஃப் ஆர்டர்' 1990இல் எழுந்த நாடகம்: ஒரு ஹோட்டல் அறை, அமைச்சர் ஒருவர், ஜன்னலில் சிக்கிய ஓர் உடல். இது 1997இல் ஹங்கேரியில் படமாகி அந்நாட்டில் நன்றாக ஓடியது. அதை எழுதியவரின் சொந்த ஊரில் நடக்காதது புடாபெஸ்டில் நடந்தது.

ஆனாலும் ஃபார்ஸுக்குப் பொருத்தமான திரை பெரிய திரையல்ல, சின்னத் திரை என்பதே என் கருத்து. ஒரு ஹோட்டலில் நடக்கும் பிபிசியின் நகைச்சுவைத் தொடர் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இலும் 1979இலும் ஆறு ஆறாக மொத்தம் பன்னிரண்டே பகுதிகள் வந்தது. ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்து, அவர்கள் முன்னிலையில், ஒரே நேரத்தில் இயங்கும் பல கேமராக்களால் அதைப் பிடித்தார்கள். வரவேற்பு மேசை, சாப்பாட்டுக்கூடம், சமையலறை எல்லாம் ஒட்டி ஒட்டி இருந்தன. நடிகர்கள் நிறுத்தியது உண்மையான சிரிப்புக்காக.

இந்த வகையை முதன்முதலாகப் பார்க்க விரும்புகிறவர், இறந்துபோன விருந்தினர் ஒருவரின் உடலைப் பிறர் கண்ணில் படாமல் ஹோட்டலுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் பகுதியிலிருந்து தொடங்கலாம். விருந்தினர் இறந்தது தெரியாமல் ஹோட்டல்காரர் அவருக்குக் காலை உணவு கொண்டுபோய்க் கொடுக்கும்போது, ஸ்டுடியோவில் இருந்தவர்கள் எந்தக் கணத்தில் சிரிக்கத் தொடங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அதன்பின் அதே பகுதியை ஒலியை அணைத்துவிட்டு, கேமரா எங்கே நிற்கிறது, ஒரு காட்சியில் எத்தனை கதவுகள் தெரிகின்றன என்பதை மட்டும் பாருங்கள்.